ஓடுகிற வண்டியைக் கழற்றுங்கள்

பழைய பைக் ஒன்றை வாங்கி, கழற்றிப் பூட்டி, அதிலேயே தொழில் பழகலாமா? சாதாரண தரமோ உயர்தரமோ எழுதிவிட்டு அடுத்தது என்ன என்று யோசிக்கிற பிள்ளைகளின் கேள்வி இது. தாராளமாகப் பழகலாம். கினிகத்தேனை மாதிரி ஒரு ஊரில், வீட்டில் இருந்துகொண்டே கைக்காசில் தொடங்கக்கூடிய தொழிற்பயிற்சி இதைவிட நல்லதாக வேறு இல்லை. ஒரே நிபந்தனை, செத்த வண்டியை வாங்காதீர்கள்.

பெரும்பாலானவர்கள் செய்வது நேர்மாறு. யாரோ ஒருவருடைய மாட்டுப்பட்டிக்குப் பின்னால் வருடக்கணக்காகச் சாய்ந்து கிடக்கிற எலும்புக்கூட்டை, மலிவு என்பதற்காகவே தூக்கிக்கொண்டு வருகிறார்கள். முதல் கிழமை உற்சாகமாகக் கழற்றுகிறார்கள். பிறகு அது சாக்கு மூட்டைகளாக லயத்து வாசலில் கிடக்கிறது. சோம்பல் இதற்குக் காரணம் அல்ல. அந்த வண்டி ஒழுங்காக ஓடியபோது எப்படி இருந்தது என்று பையனுக்குத் தெரியாது. பத்துப் பழுது ஒரே நேரத்தில் இருக்கும்போது ஒன்றை ஒன்று மறைத்துக்கொள்ளும். எதைச் சரிசெய்தாலும் பலன் தெரியாது. பலன் தெரியாத வேலையில் கை பழகாது.

கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடுவை இந்த இடத்தில் இழுக்காமல் இருக்க முடியாது. 1893இல் கலங்கல் என்ற கிராமத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒட்டவில்லை. இருபது வயதையொட்டி, வெள்ளைக்கார வருவாய் அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்துச் சொக்கிப்போனார். கோயம்புத்தூர் ஹோட்டல் ஒன்றில் பரிமாறுகிற வேலைக்குச் சேர்ந்து, மூன்று வருடம் காசு சேர்த்து, அந்த வண்டியையே வாங்கினார். வாங்கிய வண்டியைக் கழற்றினார், திரும்பப் பூட்டினார், மெக்கானிக் ஆனார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையில் ஒரு பஸ் விட்டார். அது பெரிய பஸ் கம்பனியாக வளர்ந்தது. 1937இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்தார்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் விடாமுயற்சி என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்குப் படுவது வேறு. அவர் கழற்றியது கண்முன்னே ஓடிக்கொண்டிருந்த வண்டியை. அது எப்படிச் சத்தம் போடும், எப்படி இழுக்கும் என்று தெரிந்த பிறகுதான் ஸ்பானரைத் தொட்டார். திரும்பப் பூட்டியது சரியா பிழையா என்று சொல்லக் குருநாதர் தேவைப்படவில்லை, வண்டியே சொல்லிவிடும்.

ஆகவே வாங்க வேண்டியது ஓடுகிற, ஆனால் நோய் பிடித்த வண்டி. புகை கக்கட்டும், மேட்டில் திணறட்டும், டக்டக் என்று அடிக்கட்டும். உதைத்தால் ஸ்டார்ட் ஆக வேண்டும், அவ்வளவுதான்.

எந்த வண்டி?

ஒற்றைச் சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக், கார்பரேட்டர் வைத்த சின்ன வண்டி. ஜப்பானில் தபால்காரர் ஓட்டி முடித்துக் கப்பலேறி வந்த சிவப்பு ஹொண்டா எம்.டி. 90 முதல் தெரிவு. அது ஹொண்டா சூப்பர் கப் குடும்பத்தைச் சேர்ந்தது. 1958இல் வெளிவந்த சூப்பர் கப், 2017ஆம் ஆண்டில் பத்துக் கோடியைத் தொட்டது. பத்துக் கோடி வண்டி செய்த குடும்பம் என்றால் பாகத்துக்குப் பஞ்சம் வராது. ஒன்று ஹட்டனில் கிடைக்கும், இல்லாவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். அடுத்த தெரிவு பஜாஜ் சி.டி. 100. அழகு கிடையாது, பெருமையடிக்க ஒன்றும் இல்லை. ஆனால் எந்தச் சந்திக் கடையிலும் பாகம் இருக்கும், எந்த மெக்கானிக் பாஸுக்கும் அதன் உள்ளங்கம் தெரியும்.

ஹொண்டா சி.டி. 125 பென்லியில் எல்லோருக்கும் ஒரு கண். நல்ல வண்டிதான். ஆனால் அது இரட்டைச் சிலிண்டர். பிஸ்டன் இரண்டு, ரிங் செட் இரண்டு, செலவும் இரண்டு. அதை இரண்டாவது வண்டியாக வைத்துக்கொள்ளுங்கள். யமஹா ஆர்.எக்ஸ். 100 வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வும் இல்லை, கேமும் இல்லை, டைமிங் செயினும் இல்லை. கழற்றுவது சுகம், ஆனால் பாடத்தில் பாதி போய்விடும். நாளைக்கு உங்கள் கைக்கு வரப்போகிற வண்டிகளில் பத்துக்கு ஒன்பது ஃபோர் ஸ்ட்ரோக்.

விலை விஷயத்தில் ஏமாற வேண்டாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 தொடக்கத்தில்தான் கதவு திரும்பத் திறந்தது. இடைப்பட்ட வருடங்களில் பழசு என்றால் மலிவு என்ற கணக்கே மாறிவிட்டது. தோட்டத்து நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவானது. ஒரு பிஸ்டன் செட்டுக்கு எத்தனை நாள் பேர் போட வேண்டும் என்று வீட்டில் கொழுந்து பறிக்கிற அம்மாவுக்குச் சட்டென்று கணக்கு வரும். அந்தக் கணக்கை வாங்குவதற்கு முன் போடுங்கள். கையில் இருக்கிற காசில் பாதிக்குமேல் வண்டிக்குக் கொடுக்காதீர்கள். மீதிப் பாதி ஆயுதத்துக்கும் பாகத்துக்கும். பெயின்டுக்கு இப்போது ஒரு சதமும் இல்லை.

காகிதம் இல்லாத வண்டி வேண்டவே வேண்டாம். பதிவுச் சான்றிதழில் உள்ள செசி நம்பரையும் எஞ்சின் நம்பரையும் வண்டியில் பொறித்திருப்பதோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். துருவும் அழுக்கும் மூடியிருந்தால் கம்பித்தூரிகையால் மெதுவாகத் துடைத்துவிட்டு, வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேயுங்கள், எண் எழும்பும். எஞ்சின் மாற்றிய வண்டி என்றால் அந்த மாற்றம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். ‘ஓபன் பேப்பர்’ வண்டி, அதாவது முதலாளி பெயர் மாறாமலே நாலு கை மாறிய வண்டி, விலை குறைவாகத்தான் இருக்கும். எங்கோ குருநாகலில் இருக்கிற முதல் சொந்தக்காரரைத் தேடிக் கையெழுத்து வாங்கப் போகிறபோது அந்த மலிவு தெரியும். காப்புறுதி, புகைப் பரிசோதனை, வருமான அனுமதிப்பத்திரம் மூன்றும் இல்லாமல் வண்டி தெருவில் இறங்க முடியாது. புகைப் பரிசோதனையை ஒரு தொல்லையாகப் பார்க்காமல், உங்கள் வேலைக்கு வெளியாள் போடுகிற புள்ளியாகப் பாருங்கள். பரிசோதனைத் தாளில் காபன் மொனொக்சைட்டும் எரியாத பெற்றோலும் எவ்வளவு என்று எண்ணில் வரும். வேலைக்கு முந்திய தாளையும் பிந்திய தாளையும் பத்திரமாக வையுங்கள். எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் காது, பிறகு ஸ்பானர்

லைசன்ஸ் இருந்தால் ஒரு கிழமை வண்டியை ஓட்டுங்கள். இல்லாவிட்டால் இருக்கிறவரை ஓட்டச் சொல்லிப் பின்னால் உட்காருங்கள். ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி, வண்டியின் ஒவ்வொரு குறையையும் எழுதுங்கள். எப்போது வருகிறது, சூட்டிலா குளிரிலா, ஏற்றத்திலா இறக்கத்திலா.

புகையைப் பாருங்கள். காலையில் முதல் உதையில் நீலப்புகை வந்து கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டால் வால்வு சீல் மேல் சந்தேகம். திராட்டலைத் திருகும்போதெல்லாம் நீலப்புகை என்றால் ரிங் அல்லது சிலிண்டர் தேய்மானம். கறுப்புப் புகை என்றால் பெற்றோல் கூடுதலாகப் போகிறது. வெள்ளையாக ஏதோ வந்து சூடேறியதும் மறைந்தால் அது நம் ஊர்ப் பனியின் நீராவி, பயப்பட வேண்டாம்.

எஞ்சின் வேலைசெய்ய மூன்று வேண்டும்: சரியான கலவை, சரியான நேரத்தில் பொறி, போதிய அமுக்கம். எந்தக் குறையையும் இந்த மூன்றில் ஒன்றுக்குள் தள்ளிவிடப் பழகுங்கள். பிளக்கைக் கழற்றி நுனியைப் பாருங்கள். கரி படிந்திருந்தால் கலவை கூடுதல், வெளுத்திருந்தால் குறைவு, எண்ணெய்ப் பசை இருந்தால் ஓயில் மேலே ஏறுகிறது. அமுக்கம் பார்க்க ஒரு கேஜ் வேண்டும், யாரிடமாவது இரவல் வாங்கலாம். பிளக் துவாரத்தில் கேஜை வைத்து, திராட்டலை முழுதாகத் திறந்து, உதைத்து, அளவை எழுதுங்கள். பிறகு அதே துவாரத்தில் ஒரு தேக்கரண்டி ஓயில் விட்டு இன்னொரு தடவை உதையுங்கள். அளவு ஏறினால் கசிவு ரிங் பக்கம், ஏறாவிட்டால் வால்வு பக்கம். எஞ்சினைத் திறக்காமலே உள்ளே எது பழுது என்று சொல்லிவிட்டீர்கள். கராஜ் தொழிலில் காசு இருப்பது இந்த இடத்தில்தான். ஒன்றன்பின் ஒன்றாகப் பாகத்தை மாற்றிப் பார்த்து, கடைசியில் சரிவருவதைக் கண்டுபிடிக்கிற மெக்கானிக்குகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களுடைய பரிசோதனைக்குக் காசு கட்டுவது வாடிக்கையாளர்.

எஞ்சினைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு முதல் வேலையாக பிரேக்கைப் பாருங்கள். கினிகத்தேனையில் சமதரை கிடையாது. கித்துல்கல பக்கம் இறங்கினாலும் வளைவு, நாவலப்பிட்டி பக்கம் இறங்கினாலும் வளைவு. ஹட்டன் பக்கம் வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. ஈர ரோட்டில் நிற்காத வண்டிக்கு நல்ல எஞ்சின் இருந்து என்ன பயன்? டிரம்மைத் திறந்து ஷூவின் கனத்தைப் பாருங்கள். உள்ளே இருக்கும் தூசியை ஊதாதீர்கள். பழைய ஷூக்களில் அஸ்பெஸ்டஸ் இருந்திருக்கலாம், ஈரத்துணியால் துடையுங்கள். கேபிளில் ஒரு இழை அறுந்திருந்தாலும் மாற்றுங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. பூ நன்றாக இருந்தாலும் ரப்பர் கிழடாகியிருக்கலாம். பிரேக் வேலை எளிது, பலன் உடனே தெரியும், முதல் நாள் வேலைக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

பெற்றோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை நிறுத்தி நியூட்ரலில் உருட்டிக்கொண்டு இறங்குகிற பழக்கம் நம் பக்கம் பரவலாக இருக்கிறது. 2022 ஜூலையில் கியூ.ஆர். அட்டையில் பெற்றோல் பங்கீடு வந்து, பைக்குக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று ஆனபோது அந்தப் பழக்கம் இன்னும் ஊறிப்போனது. எஞ்சின் பிடிக்காத வண்டியில் முழுப் பாரமும் டிரம்மில் விழும். டிரம் சூடேறினால் பிடி தளரும். ஷூ ஏன் இவ்வளவு சீக்கிரம் தேய்ந்தது என்று வாடிக்கையாளர் கேட்கும்போது நீங்கள் சொல்ல வேண்டிய பதில்களில் இதுவும் ஒன்று.

ஆயுதத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். முழு டூல் பெட்டி தேவையில்லை. 8, 10, 12, 14, 17 மில்லிமீற்றர் ரிங் ஸ்பானரும் டீ ஸ்பானரும், பிளக் ஸ்பானர், ஃபீலர் கேஜ், மெக்னட் புல்லர், அடித்துத் திருகும் இம்பாக்ட் டிரைவர் இருந்தால் தொடங்கலாம். இம்பாக்ட் டிரைவரை விட்டுவிடாதீர்கள். பழைய ஜப்பான் வண்டிகளின் கூட்டல்குறித் திருகாணிகள் ஜப்பானிய நியமத்தில் செய்தவை. கடையில் விற்கும் சாதாரண பிலிப்ஸ் டிரைவர் அதில் முழுதாக உட்காராது, வழுக்கும், தலையைத் தின்றுவிடும். மெக்னட்டைச் சுத்தியலால் தட்டிக் கழற்றுகிறவரைப் பார்த்தால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். கிரேங்க் முனை வளைந்தால் அதற்குப் பிறகு வருகிற செலவு புல்லரின் விலையைப்போலப் பல மடங்கு.

கழற்றும்போது ஒவ்வொரு கட்டத்திலும் ஃபோனில் படம் எடுங்கள். கவர் திருகாணிகள் நீளம் மாறி மாறி இருக்கும். ஒரு கார்ட்போர்ட் துண்டில் கவரின் உருவத்தைக் கீறி, திருகாணி இருந்த இடத்திலேயே அதைக் குத்தி வையுங்கள். நீளமான திருகாணியைக் கட்டையான துவாரத்தில் இறுக்கினால் அலுமினியம் வெடிக்கும். 10 மில்லிமீற்றர் ஸ்பானர் பிடிக்கிற போல்ட்டுக்கு விரல் பலமும் மணிக்கட்டும் போதும், தோள் பலம் வேண்டாம். அலுமினியத்தில் புரி போனால் லேத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

லேத் என்றதும் ஒரு ஒழுங்குமுறை. சிலிண்டரை போர் பண்ணக் கொடுக்கும்போது பிஸ்டனைக் கையில் கொண்டு போங்கள். “பிஸ்டன் எங்கே தம்பி?” என்று கேட்காமல் சிலிண்டரை மட்டும் வாங்கி வைக்கிற லேத்தில் வேலையைக் கொடுக்காதீர்கள். பிஸ்டன்கள் 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீற்றர் என்று ஓவர்சைஸில் வரும். ஆனால் ஒரே அளவு எழுதிய இரண்டு பிஸ்டன்கள் நுணுக்கமாகப் பார்த்தால் ஒன்றாக இருக்காது. கையில் உள்ள பிஸ்டனை அளந்து, அதற்கு ஏற்ற இடைவெளி விட்டுத்தான் குடைய வேண்டும். முதல் தடவையிலேயே 1.00க்குப் போய்விட்டால் அந்தச் சிலிண்டருக்கு அடுத்த வாய்ப்பு இல்லை. தேய்மானம் அனுமதிக்கிற மிகச் சிறிய அளவில் நிறுத்துங்கள். குடையும்போது பக்கத்தில் நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். தயங்காமல் கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள்.

பூட்டும்போது அவசரம் எழும்பும், அப்போதுதான் நிதானம் வேண்டும். மெக்னட்டில் உள்ள ‘டீ’ குறியும் கேம் ஸ்ப்ரொக்கெட்டின் வட்டக்குறியும் அதனதன் இடத்தில் நின்றால்தான் டைமிங் செயின் சரி. உதைக்காமல், கையால் எஞ்சினை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது முட்டினால் நிறுத்துங்கள். முட்டுவது வால்வாக இருக்கலாம், கையால் சுற்றும்போது முட்டினால் சேதம் இல்லை, உதைத்து முட்டினால் வளைந்துவிடும். எம்.டி. 90 சாதி வண்டிக்கு வால்வு இடைவெளி, எஞ்சின் ஆறியிருக்கும்போது, 0.05 மில்லிமீற்றர். ஃபீலர் கேஜின் மெல்லிய தகடு லேசான பிடியோடு நழுவ வேண்டும். அந்தப் பிடி எவ்வளவு என்று எழுத்தில் சொல்ல முடியாது. சரியாக ஓடுகிற ஒரு வண்டியில் தகட்டை விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், விரல் ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

துருப்பிடித்த டேங்கை வினாகிரி விட்டு ஊறவைத்துக் கழுவலாம், பிறகு அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் அலசிக் காயவையுங்கள். ஓட்டை விழுந்த டேங்கை எவராவது வெல்டிங்குக்குக் கொண்டுபோகச் சொன்னால், வெறும் டேங்க் என்று நம்பிப் போகாதீர்கள். பெற்றோல் தீர்ந்த டேங்கில் ஆவி இருக்கும், பொறி பட்டால் வெடிக்கும். பிரேக் முதல் டேங்க் வரை உயிரோடு விளையாடுகிற இடங்களில் மட்டும் மூத்த பாஸ் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

கார்பரேட்டரைப் பற்றி மலைநாட்டுக்கென்றே ஒரு பாடம் உண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். அங்கே காற்று கரையோரத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஐதானது. கொழும்பில் சரியாக வைத்த கார்பரேட்டர் அங்கே பெற்றோலைக் கூடுதலாகக் கொடுக்கும். பிளக் கறுக்கும், இழுவை குறையும். “கொழும்பிலே பறந்த வண்டி, மேலே வந்ததும் படுத்துடுச்சு அண்ணே” என்று வருகிறவருக்கு எஞ்சினைத் திறக்க வேண்டியதில்லை. ஊசியை ஒரு காடி இறக்கியோ சின்ன ஜெட் போட்டோ பாருங்கள். அவர் திரும்ப கொழும்புக்கே போகிறவர் என்றால் பழையபடி வைக்கவும் சொல்லிவிடுங்கள், கலவை குறைந்து எஞ்சின் சூடேறும்.

புது ரிங் போட்ட எஞ்சினை முதல் 500 கிலோமீற்றர் வரை ஏற்றத்தில் டொப் கியரில் முக்கவிடாதீர்கள். கியரை முன்கூட்டியே குறையுங்கள். நூறு, நூற்றைம்பது கிலோமீற்றருக்குள் முதல் ஓயிலை வடித்துவிடுங்கள். வடித்த ஓயிலை வெள்ளைத்துணியில் வடிகட்டிப் பாருங்கள், உள்ளே என்ன தேய்கிறது என்று தெரியும். வடித்ததை ஓடையில் ஊற்றாதீர்கள். கீழே அந்தத் தண்ணீரை எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

வண்டி ஓடுகிறது, பிறகு?

பல பிள்ளைகள் இங்கே நின்றுவிடுகிறார்கள். வண்டியைப் பெயின்ட் அடித்து, ஃபோனில் படம் போட்டு, ஓட்டித் திரிகிறார்கள். அதில் தப்பில்லை. தொழில் வேண்டும் என்றால் அந்த சி.ஆர். கொப்பியை வெளியே எடுங்கள்.

இலங்கையில் தேசிய தொழிற்தகைமை, நாம் சொல்கிற என்.வி.கியூ., ஏழு மட்டங்கள் கொண்டது. நான்காவது வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். இரத்மலானையில் உள்ள தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் அந்தப் பட்டத்துக்காகவே அமைந்தது. இந்த ஏணியில் ஏற வகுப்பில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும் என்றில்லை. வேலைசெய்து பழகியவருக்கு முன்கற்றலை அங்கீகரிக்கிற வழி ஒன்று இருக்கிறது. நைட்டா என்கிற தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையிடம் விண்ணப்பித்து, செய்த வேலைகளுக்கு ஆதாரம் காட்டி, மதிப்பீட்டாளர் முன்னால் வேலையைச் செய்துகாட்டினால் சான்றிதழ் கிடைக்கும். ஒரே ஒரு பைக்கை வைத்துக்கொண்டு அங்கே போக முடியாது, கராஜில் வேலைசெய்த காலமும் வேண்டும். ஆனால் அந்தக் கராஜுக்குள் நுழைய இந்த பைக் உதவும்.

எப்படி? கராஜ் பாஸிடம் போய் “எனக்கு வேலை தெரியும்” என்று சொல்லாதீர்கள். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். கொப்பியைக் கொடுங்கள். குறை என்ன, நான் நினைத்தது என்ன, அளந்தது எவ்வளவு, செய்தது என்ன, பிறகு அளந்தது எவ்வளவு. கூடவே புகைப் பரிசோதனைத் தாள் இரண்டு, மாற்றிய பழைய பாகங்கள் ஒரு பையில். அமுக்கத்தை முன்பும் பின்பும் அளந்து எழுதுகிற பதினெட்டு வயதுப் பையனை எந்த பாஸும் அடிக்கடி பார்ப்பதில்லை. பெண் பிள்ளைகளுக்கும் இதையே சொல்கிறேன். ஸ்கூட்டி ஓட்டுகிற டீச்சர்மாரும் நர்ஸ்மாரும் தோட்டப் பக்கம் பெருகிவிட்டார்கள். அவர்களில் பலர் தங்கள் வண்டியை ஒரு பெண்ணிடம் காட்டவே விரும்புவார்கள், காட்டத்தான் ஆளில்லை.

சேர்ந்ததும் முதல் மாதங்களில் ஸ்பானர் கைக்கு வராது. கழுவுவது, கூட்டுவது, தேநீர் வாங்கி வருவது, அதுதான். சொய்ச்சிரோ ஹொண்டா 1922இல் பதினைந்து வயதில் டோக்கியோவில் ஆர்ட் ஷோக்காய் என்ற கராஜில் சேர்ந்தபோது முதலாளியின் கைக்குழந்தையைத்தான் முதலில் பார்த்துக்கொண்டார். கழுவும் வேலையை இழிவாக நினைக்காதீர்கள். எந்தக் கேஸ்கட்டில் ஓயில் கசிகிறது என்று கழுவுகிறவருக்குத்தான் முதலில் தெரியும். அதே சமயம், வருடம் ஒன்றாகியும் கழுவுவதைத் தவிர வேறொன்றும் தராத இடத்தில் விசுவாசம் காட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. எங்கள் பக்கத்துக் கராஜ்களில் பேச்சு பெரும்பாலும் சிங்களத்தில்தான் நடக்கும். பாகங்களின் பெயரும் பேரம் பேசுகிற முறையும் அங்கேயே காதில் விழுந்து படியும். வெட்கத்தை விட்டுப் பேசுங்கள்.

கற்றுக்கொண்டே முறையான படிப்புக்கும் போக முடியும். ஹட்டனில் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. வாகனத் தொழில்நுட்பத்தில் பெரிய பெயர் மொறட்டுவை ஜெர்மன் டெக். கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை-ஜெர்மன் பயிற்சி நிறுவகத்திலும் வாகனப் பிரிவு உண்டு. தமிழ்ச் சூழலில் இருந்து படிக்க விரும்புகிறவர்கள் அதை விசாரியுங்கள்.

பைக்கோடு முடிகிற தொழில் என்றும் நினைக்க வேண்டாம். நாயுடு பைக்கிலிருந்து பஸ்ஸுக்கும் பஸ்ஸிலிருந்து மோட்டாருக்கும் போனார். பேரிங்கின் சத்தத்தைக் காதால் பிரிக்கத் தெரிந்தவர் தேயிலை ஸ்டோரில் ரோலர் மெசினின் பேரிங்கையும் பிரிப்பார், உலர்த்தியின் செயினையும் இறுக்குவார். தோட்டத்து ஃபிட்டர்கள் ஓய்வுபெற்றால் அந்த இடத்துக்கு அளக்கத் தெரிந்த கை வேண்டும். நோர்ட்டன் பிரிட்ஜ், லக்சபான பக்கத்து மின்நிலையங்களிலும் டர்பைன்களைப் பராமரிக்கிறவர்கள் ஆரம்பத்தில் சின்ன எஞ்சின்களில் கை வைத்தவர்களாக இருந்தால் ஆச்சரியமில்லை. அந்த வேலைகளுக்கு என்.வி.கியூ. தாள் கேட்பார்கள், அதனால்தான் கொப்பியைப் பற்றி இவ்வளவு நீட்டினேன்.

புது வண்டிகளுக்கு இந்தப் பழைய பாடம் உதவுமா என்ற கேள்வி நியாயமானது. இந்தியா 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை நியமத்துக்கு மாறியதிலிருந்து அங்கே தயாராகும் பைக்குகளில் பெரும்பாலானவை ஃபியூவல் இஞ்செக்‌ஷனுக்குப் போய்விட்டன. இறக்குமதி திறந்திருப்பதால் அவையும் நம் ரோட்டுக்கு வரும். கார்பரேட்டர் இருந்த இடத்தில் சென்சரும் கணினியும் இருக்கும், ஸ்கேனரைக் குத்தினால் ஒரு குறியீடு காட்டும். அந்தக் குறியீடு பெரும்பாலும் ‘கலவை குறைவு’ என்றோ ‘கூடுதல்’ என்றோ சொல்லும், ஏன் என்று சொல்லாது. காற்று வடிகட்டி அடைத்திருக்கிறதா, பம்ப் தளர்ந்திருக்கிறதா, வால்வு கசிகிறதா என்று தேடுகிற வேலை பழையபடி மெக்கானிக்கின் தலையில். ஆகவே எம்.டி. 90 முடிந்ததும் இரண்டாவது வண்டியாக சி.டி. 125ஐ வாங்குவதா, இஞ்செக்‌ஷன் வைத்த அடிபட்ட வண்டி ஒன்றை வாங்குவதா என்று ஒருவர் கேட்டால், காசு இருந்தால் இஞ்செக்‌ஷன் என்பேன். அதையும் ஓடுகிற நிலையில் வாங்குங்கள்.